மணி கட்டிய கயிறும் எட்டுக் கம்பிகளும்

ஆறாம் மாடி அத்தை தன் கயிற்றை இறக்கினார். நான் தெருவில் நின்று, அதன் முனையில் இருந்த கிளிப்பில் கறுப்புக் கேபிளின் நுனியை மாட்டிவிட்டு, கயிற்றை இரண்டு முறை சுண்டினேன். மேலே அவர் வீட்டுப் பலகணியில் மணி ஒலித்தது. அத்தை இழுக்கத் தொடங்கினார். பால் பையையும் மருந்தையும் காலைச் செய்தித்தாளையும் ஆண்டுக்கணக்காகத் தூக்கிய அந்தக் கயிறு, 2021 ஏப்ரல் மாதத்து வெயிலில் எங்கள் கட்டடத்தின் முதல் பொது இணையக் கேபிளைத் தூக்கிக்கொண்டு போனது.

ரங்கூன் நகர மையத்தைப் பார்க்காதவர்களுக்கு அந்தக் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அனோரதா சாலையின் இரு பக்கமும் எண்ணிட்ட தெருக்கள் பிரிகின்றன. காளி அம்மன் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் அப்படியொரு தெருவில்தான் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக இருக்கிறது. கட்டடங்கள் பன்னிரண்டரை அடி அகலத்தில், ரயில் பெட்டியைப் போல உள்ளே நீண்டுகொண்டே போகும். ஆறு மாடி, ஏழு மாடி இருக்கும், லிஃப்ட் இருக்காது. ஆகவே ஒவ்வொரு பலகணியிலிருந்தும் தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். மேல்முனையில் மணி, கீழ்முனையில் கிளிப் அல்லது பை. செய்தித்தாள் போடுகிறவர் கிளிப்பில் தாளை மாட்டிக் கயிற்றைச் சுண்டினால், மேலே மணி கேட்டு யாராவது வந்து இழுத்துக்கொள்வார்கள். எந்தக் கயிறு எந்த வீட்டுடையது என்று தெருவில் வியாபாரம் செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஏப்ரலில் கேபிள் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. ராணுவம் ஆட்சியைப் பிடித்ததைத் தொடர்ந்து, பிப்ரவரி 15 முதல் இரவு ஒரு மணியிலிருந்து காலை ஒன்பது மணி வரை நாடு முழுவதும் இணையம் நிறுத்தப்பட்டது. மார்ச் 15 அன்று கைபேசி இணையம் நின்றது. ஏப்ரல் 2 அன்று, சிம் அட்டையோ ஆன்டெனாவோ வைத்து வீட்டுக்கு வரும் கம்பியில்லா பிராட்பேண்டும் நின்றது. மிஞ்சியது வீட்டுச் சுவரைத் துளைத்து உள்ளே வரும் ஃபைபர் இணைப்பு மட்டும். எங்கள் கட்டடத்தில் அது இரண்டாம் மாடியில், எங்கள் வீட்டில் மட்டுமே இருந்தது. 2014இல் புதிய கைபேசி நிறுவனங்கள் வந்து, சிம் அட்டை 1,500 கியாட்டுக்குக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, பெரும்பாலான வீடுகளுக்கு இணையம் என்றால் கைபேசிதான். ஒயருக்குப் பணம் கட்டுவதை வீண் செலவு என்றே நினைத்தார்கள். நான் கட்டியதும் என் வேலைக்காகத்தான்.

ஆறாம் மாடி அத்தையின் மகள் பினாங்கில் இருக்கிறாள். இரண்டு வாரமாகப் பேசவில்லை. அத்தை நான்கு மாடி இறங்கி வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, வைஃபையில் மகளுடன் பேசிவிட்டு மீண்டும் ஏறுவார். முட்டிவலி உள்ள பெண்மணி. மூன்றாவது முறை அவர் படிக்கட்டில் நின்று மூச்சு வாங்கியதைப் பார்த்தபோதுதான், மேலே போக வேண்டியது அத்தை அல்ல, ஒயர் என்று முடிவு செய்தேன்.

ஏன் வைஃபையையே மேலே எட்டவைக்கக் கூடாது என்று பலர் கேட்டார்கள். எட்டாது. பழைய செங்கல் சுவர், நடுவில் கான்கிரீட் தளம். ஒரு தளத்தைத் தாண்டும்போதே அலை நலிந்துவிடுகிறது. இரண்டு தளத்தைத் தாண்டினால் வரும், போகும். கேபிளுக்கு அந்தத் தொல்லை இல்லை. கணினிகளைக் கேபிளால் இணைக்கும் முறைக்கு ஈதர்நெட் என்று பெயர்; அதில் செம்புக் கம்பிக்கு விதித்திருக்கும் எல்லை 100 மீட்டர். எங்கள் வீட்டிலிருந்து ஆறாம் மாடிக்கு, வளைவுகளையெல்லாம் சேர்த்தாலும் முப்பது மீட்டர் ஆகவில்லை.

இந்த வேலையை நான் கற்றது 2006இல், பதினேழு வயதில், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஓர் இணைய மையத்தில். பத்துக் கணினிகள், ஒரே ஒரு மெல்லிய இணைப்பு. அதை நடத்திய அண்ணன் ஒரு கணினியை மட்டும் வெளி இணைப்போடு பொருத்தி, மற்ற ஒன்பதையும், பல கேபிள்களை ஒன்றாகச் சேர்க்கும் சுவிட்ச் என்ற பெட்டி வழியாக, அதன் பின்னால் நிறுத்தியிருந்தார். விண்டோஸில் இணைப்பைப் பகிரும் வசதி 1999இலேயே வந்துவிட்டது. இணைப்பைப் பலருக்குப் பகிர்ந்து தரும் பெட்டியான ரூட்டரை வாங்க வசதியில்லாத கடைகளுக்கு அதுவே ரூட்டர். முதல் கணினியை அணைத்தால் மற்ற எல்லாவற்றுக்கும் இணையம் போய்விடும். ஆகவே அதன் மேல் சிவப்பு மையில் “தொடாதே” என்று தமிழிலும் பர்மிய மொழியிலும் எழுதி ஒட்டியிருந்தார்.

2007 செப்டம்பர் இறுதியில் நாடு முழுவதும் இணையம் நின்றபோது அந்தக் கடை மூடப்படும் என்று நினைத்தேன். அண்ணன் மூடவில்லை. பையன்கள் வந்து ஒருவரோடொருவர் பந்தய விளையாட்டு ஆடினார்கள். ஒருவர் தட்டச்சு செய்த கடிதத்தை இன்னொரு கணினியிலிருந்து அச்செடுத்தார்கள். “வலை வேறு, இணையம் வேறு. வெளிக்கதவைப் பூட்டினால் வீட்டுக்குள் நடமாட முடியாதா என்ன?” என்றார் அண்ணன். வலையமைப்பைப் பற்றி நான் படித்த எந்தப் பாடமும் இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லவில்லை. இன்றும் யாராவது “நெட் வேலை செய்யவில்லை” என்று கூப்பிட்டால், நான் முதலில் கேட்பது பக்கத்துக் கணினி தெரிகிறதா என்றுதான். அதற்குப் பிறகுதான் வெளியே பார்க்க வேண்டும்.

சரி, கேபிளுக்கு வருகிறேன். இதில் எனக்கு ஆத்திரம் உண்டு. நகரத்தில் விற்கும் மலிவான கேபிள்களில் பல, செம்பே அல்ல. உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. பெட்டியின் மேல் கேட் 5ஈ என்றோ கேட் 6 என்றோ தரப் பெயரைப் பெரிதாக அச்சடித்திருக்கும். வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. கம்பியைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக மின்னினால் அது அலுமினியம். பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே எடை குறைவு தெரியும். அலுமினியத்துக்கு மின்தடை அதிகம். சில முறை வளைத்து நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். அதுவும் உறைக்குள்ளேயே ஒடியும், வெளியே தெரியாது. மழைக்காலத்தில் நுனி உப்பு பூத்துக் கெட்டுப்போகும். ஏழைக் குடும்பங்கள் சேர்ந்து பணம் போட்டு வாங்கும் பொருளில் இப்படிச் செய்வதை என்னால் மன்னிக்க முடியவில்லை. 305 மீட்டர் பெட்டி முழுவதையும் வாங்கத் தேவையில்லை. அளந்து வெட்டித் தரச் சொல்லுங்கள். ஆனால் வெட்டிய நுனியைக் கடையிலேயே சுரண்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வெளிச்சுவரில் ஓடுவதாக இருந்தால் கறுப்பு உறை போட்ட, வெயில் தாங்கும் கேபிளாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிள் எங்கள் வெயிலில் இரண்டு கோடைக்குள் வெடித்துவிடும்.

கேபிளை மேலே ஏற்றும்போது நுனியில் ஜாக், அதாவது கருவிக்குள் செருகும் பிளாஸ்டிக் முனை, மாட்டியிருக்கக் கூடாது. வெறும் நுனியை ஏற்ற வேண்டும், இரு பக்கமும் ஒரு முழம் உபரி விட வேண்டும், பிறகுதான் ஜாக். இழுக்கும்போது முறுக்கு விழக் கூடாது, மடிப்பும் விழக் கூடாது. மின்சார ஒயரோடு ஒட்டிக்கொண்டு ஓடவிடக் கூடாது. ஒரு சாணாவது விலகி ஓட வேண்டும், குறுக்கே கடக்க நேர்ந்தால் நேர்குத்தாகக் கடக்க வேண்டும். எங்கள் கட்டட முகப்பில் மின் ஒயர்கள் கொடிபோல் பின்னிக்கிடக்கும். அதனால் பலகணிகளின் மறு ஓரமாக வழி எடுத்தேன்.

உறையை உரித்தால் நான்கு சோடி, எட்டுக் கம்பிகள். ஒவ்வொரு சோடியும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கும். அந்த முறுக்குதான் கேபிளின் உயிர். ஒரே சைகையை ஒரு கம்பியில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் அனுப்புகிறார்கள். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டையும் ஒரே அளவில் தாக்குவதால், மறுமுனையில் இரண்டின் வித்தியாசத்தை எடுக்கும்போது இரைச்சல் கழிந்துவிடுகிறது. நான்கு சோடிகளின் முறுக்கு நெருக்கமும் வெவ்வேறாக இருப்பது, ஒரு சோடியின் பேச்சு அடுத்த சோடிக்குள் கசியாமல் இருப்பதற்காக. ஆகவே ஜாக்குக்குள் செருக முறுக்கைப் பிரிக்கும்போது அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள்.

வரிசையை இணைய மையத்து அண்ணன் எனக்கு வாய்ப்பாடு போல ஒப்புவிக்க வைத்தார்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. ஜாக்கின் கொக்கி கீழே இருக்க, செப்புத் தகடுகள் நம்மைப் பார்க்க, இடமிருந்து வலம். இரண்டு முனையிலும் இதே வரிசை.

இந்த வரிசையில் பச்சைச் சோடி மட்டும் பிரிந்து, நீலச் சோடியின் இரு பக்கமும் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். அங்கேதான் எங்கள் வேலை முதலில் சறுக்கியது. என் சித்தி மகன், முதல் மாடியில் இருப்பவன், கைவேலை சுத்தமானவன். நான் இரண்டு ஜாக் மாட்டுவதைப் பார்த்துவிட்டு, ஐந்தாம் மாடிக் கேபிளைத் தானே முடிக்கிறேன் என்றான். சோடி சோடியாக வைப்பதுதான் ஒழுங்கு என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம் என்று அடுக்கினான். இரண்டு முனையிலும் அப்படியே அடுக்கினான். கேபிளைச் சோதிக்கும் டெஸ்டரில் செருகினோம். ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன. எல்லாம் சரி என்று ஏணியை மடித்தோம்.

ஐந்தாம் மாடியில் இணையம் வந்தது, வந்துகொண்டே அறுந்தது. செய்தி போகும், குரல் அழைப்பு தேயும், படம் உறையும். ரூட்டரை மாற்றினோம், சுவிட்ச்சில் கேபிள் செருகும் வாயிலை மாற்றினோம், மூன்று நாள் போனது. “விளக்கு எட்டும் எரிகிறதே, அண்ணா” என்று தம்பி டெஸ்டரையே நீட்டினான். எரியத்தான் செய்தது. அந்த எளிய டெஸ்டர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த முனையின் மூன்றாவது கம்பி அந்த முனையின் மூன்றாவதோடு தொடர்பில் இருக்கிறது. எந்தக் கம்பி எந்தக் கம்பியோடு முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஈதர்நெட் மூன்றாவதையும் ஆறாவதையும் ஒரு சோடியாக நடத்துகிறது. தம்பியின் வரிசையில் மூன்றாவது வெள்ளைப் பச்சை, ஆறாவது நீலம். இரண்டும் வெவ்வேறு முறுக்கில் ஓடுகின்றன. ஒன்றின் இரைச்சலை மற்றது கழிக்காது. அரை மீட்டர் துண்டில் இது தெரியவே தெரியாது. இருபது மீட்டரில் தெரிந்துவிடும்.

ஏன் இப்படிக் கோணலாக ஒரு வரிசை என்று தம்பி கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். நடுவிலுள்ள நான்காவது, ஐந்தாவது இடங்கள் பழைய தொலைபேசிக்கு உரியவை. தொலைபேசி ஜாக்கின் நடு இரண்டு கம்பிகளும் அங்கேதான் வந்து உட்காரும். அதற்கு இடம் விட்டதால் அடுத்த சோடி இரு பக்கமும் பிரிந்து உட்கார வேண்டியதாயிற்று. காரணம் தெரிந்த பிறகு அவன் ஒரு ஜாக்கைக்கூடத் தவறாக மாட்டியதில்லை. இன்று எங்கள் தெருவில் ஜாக் மாட்ட வேண்டுமென்றால் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள்.

இன்னொரு சின்னக் குறிப்பு. விநாடிக்கு 100 மெகாபிட் வேக இணைப்புக்கு இரண்டு சோடி போதும்: ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு. அதைவிடப் பத்து மடங்கு வேகமான ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஜிகாபிட் சுவிட்ச்சில் ஒரு வாயில் மட்டும் 100இல் நிற்கிறது என்றால் பெரும்பாலும் நீலச் சோடியோ பழுப்புச் சோடியோ எங்கோ தொடர்பு விட்டிருக்கிறது. நாங்கள் இணைய நிறுவனத்திடம் வாங்கியதே விநாடிக்கு 20 மெகாபிட்; ஆகவே அவசரமில்லை. ஆனால் வாயில் அப்படி 100இல் நிற்பது, நாளை முழுவதும் அறுந்துபோகப் போவதன் முன்னறிவிப்பு. பார்த்தவுடன் சரிசெய்துவிடுவது நல்லது.

இனி பகிர்வு. இணைய நிறுவனம் நமக்குத் தருவது ஒரே ஒரு வெளி முகவரி, அதாவது இணையத்தில் நம்மை அடையாளம் காட்டும் எண். அதை ஏழு வீடுகள் எப்படிப் பயன்படுத்துகின்றன? கேட்டவர்களுக்கு நான் எங்கள் கயிறுகளைக் காட்டினேன். கட்டடத்துக்குக் கதவு எண் ஒன்றுதான். வெளியிலிருந்து வரும் ஆளுக்கு அதுதான் தெரியும். ஆனால் எந்தக் கயிற்றைச் சுண்டினால் எந்த மாடி மணி அடிக்கும் என்று கீழே வெற்றிலைக்கடை வைத்திருக்கும் பெரியவருக்குத் தெரியும். ஆறாம் மாடி அத்தை கீழே கேட்ட பொருள் வந்ததும் அவர் அதை ஆறாம் மாடிக் கயிற்றில் மாட்டுவார். ரூட்டர் செய்வதும் அதே வேலை. உள்ளிருந்து யார் எதைக் கேட்டார்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். பதில் வந்ததும் உரியவருக்கு அனுப்பும். யாரும் கேட்காத ஒன்று வெளியிலிருந்து வந்தால் அதற்குக் கயிறு இல்லை, வாசலிலேயே நின்றுவிடும்.

உள் முகவரியைப் பற்றி பர்மாத் தமிழர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. பள்ளிப் பதிவேட்டில் எனக்கு ஒரு பர்மியப் பெயர். பாட்டி வைத்த தமிழ்ப் பெயர் வீட்டுக்குள். வாசலைத் தாண்டும்போது ஒரு பெயர் உதிர்ந்து மற்றது வந்து ஒட்டிக்கொள்ளும். 192.168 என்று தொடங்கும் முகவரிகளும், 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் அப்படி வீட்டுக்குள் மட்டும் வழங்க 1996இல் ஒதுக்கப்பட்டவை. தெருவுக்கு ஒரு முருகன் இருப்பதுபோல உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் 192.168.1.1 இருக்கலாம், வாசலுக்குள் இருக்கும் வரை குழப்பமில்லை. ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் உலகம் முழுமைக்கும் சுமார் 430 கோடி முகவரிகள்தான் உண்டு. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் அவை இன்னும் வெகு முன்பே தீர்ந்து, எங்கள் ஆறாம் மாடிக்கு எட்டியே இருக்காது.

ஆனால் இரண்டு பெரியவர்கள் ஒரே வீட்டில் பெயர் வைக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்று ஒரு சனிக்கிழமை பார்த்தோம். எங்கள் ஏற்பாடு இது: ஃபைபர் வந்து சேரும் பெட்டி, அதன் பின்னால் பொது ரூட்டர், அதன் பின்னால் எட்டு வாயில் சுவிட்ச், சுவிட்ச்சிலிருந்து மாடிக்கு ஒரு கேபிள். மற்ற ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் சிறு ரூட்டர். பொது ரூட்டர் 192.168.10 வரிசையில் முகவரி தரும். வீட்டு ரூட்டர்கள் தங்களுக்குள் வேறு வரிசையில் தரும். இப்படி வைத்தால் ஒரு வீட்டின் படங்களோ அச்சுப்பொறியோ இன்னொரு வீட்டுக்குத் தெரியாது. ஒரே கேபிளைப் பகிரலாம். ஒரே படுக்கையறையைப் பகிர முடியாது. இதை நான் விட்டுக்கொடுக்கவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை முதல் மாடியில் இணையம் போனது. மூன்றாம் மாடியில் இருந்தது. மதியம் ஆறாம் மாடியில் போனது. எங்கள் வீட்டில் என் கணினியில் வந்தது, மனைவியின் கைபேசியில் வரவில்லை. இப்படி ஆளுக்கு ஒரு விதமாக இருந்தால் ஒயரில் கோளாறு இல்லை என்று அர்த்தம். மனைவியின் கைபேசியில் முகவரியைத் திறந்து பார்த்தேன். 192.168.10 இருக்க வேண்டிய இடத்தில் 192.168.1 இருந்தது. வேறு யாரோ பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான்காம் மாடியில் தனியாக இருக்கும் பர்மியப் பாட்டி; கட்டடத்தில் சின்னவர்கள் எல்லோரும் அவரை அப்வா என்றே அழைப்போம். வீடு துடைக்கும்போது ரூட்டரின் ஒயர்களைக் கழற்றியிருக்கிறார். திரும்ப மாட்டும்போது வெளி வாயிலில் இருக்க வேண்டிய கேபிள் உள் வாயில் ஒன்றில் போய்விட்டது. உடனே அவருடைய ரூட்டர், கட்டடம் முழுவதையும் தன் வீடு என்று எண்ணி, கேட்டவர்களுக்கெல்லாம் முகவரி கொடுக்கத் தொடங்கிவிட்டது. முகவரி கேட்கும் கருவி எல்லோருக்கும் கேட்கும்படித்தான் கேட்கிறது. யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவர் சொல்வதை வாங்கிக்கொள்கிறது. பழைய முகவரியோடு ஓடிக்கொண்டிருந்த வீடுகளில் எதுவும் தெரியவில்லை. புதிதாக முகவரி கேட்க நேர்ந்த வீடுகள் ஒவ்வொன்றாக அறுந்தன. ஆளுக்கு ஒரு நேரத்தில் போனதன் காரணம் அதுதான். கேபிளை மாற்றி மாட்ட இரண்டு விநாடி. கண்டுபிடிக்க நான்கு மணி நேரம். அப்வா மிகவும் வருந்தினார். வருந்த வேண்டியது நான்தான். பாட்டி கழற்றக்கூடிய இடத்தில் ரூட்டரை வைத்தவன் நான். அன்றே எல்லா வீட்டிலும் வெளி வாயிலின் மேல் சிவப்பு டேப் ஒட்டினேன், கேபிள் முனையிலும் அதே சிவப்பு டேப். நிறத்தோடு நிறம் சேர வேண்டும், அவ்வளவுதான். உள் வாயில்களில் காலியாக இருந்தவற்றை அடைத்துவிட்டேன்.

பங்கீட்டில் சண்டை வராமல் பார்த்துக்கொள்வதும் வலையமைப்பின் வேலைதான். 20 மெகாபிட் என்றால் விநாடிக்கு இரண்டரை மெகாபைட். சாதாரணத் தரத்தில் ஒரு வீடியோ அழைப்புக்கு ஒன்று, ஒன்றரை மெகாபிட் போதும்; ஆகவே ஏழு வீடும் ஒரே நேரத்தில் பேசலாம். ஆனால் ஒருவருடைய கைபேசி தன் படங்களையெல்லாம் மேலே ஏற்றத் தொடங்கினால் ஏழு வீட்டு அழைப்பும் திக்கும். பொது ரூட்டரில் வீட்டுக்கு உச்ச அளவு வைத்தேன், ஏறுதிசைக்கும் வைத்தேன். பலர் இறங்குதிசைக்கு மட்டும் வைத்துவிட்டு ஏன் பேச்சு அறுகிறது என்று தவிக்கிறார்கள். மாதக் கட்டணத்தை ஆறாகப் பிரித்தோம். அப்வாவிடம் வாங்கவில்லை, அவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு தூக்கு நிறைய மொகிங்கா, மீன் குழம்பில் போட்ட அரிசி நூடுல்ஸ், அனுப்புகிறார். இதைப் படித்துத் தொடங்க நினைப்பவர்கள், இணைய நிறுவனத்தோடு உள்ள ஒப்பந்தத்தில் பகிர்வைப் பற்றி என்ன இருக்கிறது என்று முதலில் படியுங்கள்.

சுவிட்ச் பக்கத்தில் ஒரு பழைய கணினியையும் பொருத்தினேன். அந்த நாட்களில் இரவில் இணையம் நின்றால் காலையில்தான் வரும். பிள்ளைகள் படிப்பது அதற்கு முன்னால். ஆகவே முந்தின மாலையே பாடக் காணொளிகளை இறக்கி அந்தக் கணினியில் ஒரு பொதுக் கோப்புறையில் வைத்துவிடுவேன். கோயிலில் ஞாயிறு வகுப்பு நடத்தும் ஆசிரியை ஆத்திசூடியையும் எழுத்துப் பயிற்சியையும் தன் குரலில் பதிவு செய்து கொடுத்தார். அவையும் அதில் இருந்தன. விடியற்காலையில், வெளியே இணையம் செத்துக்கிடக்கும்போது, மூன்றாம் மாடியிலிருந்தும் முதல் மாடியிலிருந்தும் ஒரே நேரத்தில் “அறஞ்செய விரும்பு” கேட்கும். இங்கே தமிழ்ப் பள்ளிகள் போய் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. தமிழ் பிழைத்திருப்பது கோயில் திண்ணையிலும் வீட்டுக் கூடத்திலும்தான். அந்த நாட்களில் அது ஒரு கேபிளிலும் பிழைத்திருந்தது. இணைய மையத்து அண்ணன் சொன்ன வீட்டுக்குள் நடமாட்டம் இதுதான்.

எதிர்வரிசைக் கட்டடத்திலிருந்தும் கேட்டார்கள். தெருவின் குறுக்கே கேபிள் போட நான் மறுத்துவிட்டேன். அது சில நாள் மனக்கசப்பைத் தந்தது. இரண்டு கட்டடங்களுக்கு மின்சாரமும் நிலத்தொடர்பும் (எர்த்) வெவ்வேறு. நடுவே செம்புக் கம்பி போட்டால் அந்த வித்தியாசம் கேபிள் வழியாக ஓடக்கூடும். மே மாதத்து இடி இறங்கினால் இரண்டு பக்கமும் கருகும். கட்டடம் விட்டுக் கட்டடம் போவதென்றால் ஒளியிழைதான் சரி. அதை அப்போது வாங்க முடியவில்லை.

மழையைப் பற்றி ஒன்று. மே முதல் அக்டோபர் வரை எங்களுக்கு மழை. கேபிள் சுவரில் இறங்கி நேராகத் துளைக்குள் நுழைந்தால் தண்ணீரும் அதே வழியாக உள்ளே வரும். துளைக்கு ஒரு சாண் கீழே கேபிளை இறக்கி, வளைத்து, மேல்நோக்கி ஏற்றி நுழைக்க வேண்டும். தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். துளையையும் வெளிப்பக்கம் சாய்வாகப் போட வேண்டும். முதல் ஆண்டு மூன்றாம் மாடியில் இதைச் செய்யாமல் விட்டேன். ஜூலையில் அந்த ரூட்டர் நனைந்து போனது.

மின்வெட்டு பின்னால் வந்த பெருந்துன்பம். நான்கு மணி நேரம் மின்சாரம், நான்கு மணி நேரம் இருட்டு என்று முறை வைத்த மாதங்கள் உண்டு. ஃபைபர் பெட்டி, ரூட்டர், சுவிட்ச் மூன்றும் சேர்ந்து இருபது வாட் அளவுதான் தின்னும். மூன்றுமே 12 வோல்ட்டில் ஓடுபவை. இன்வெர்ட்டர் வைத்து 12ஐ 230 ஆக்கி மீண்டும் 12 ஆக்குவது மின்சாரத்தைக் கொட்டிவிடும் வேலை. 12 வோல்ட்டை நேராகத் தரும் சிறு மின்சேமிப்பான் ஒன்றை எல்லோரும் சேர்ந்து வாங்கினோம். 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏட்டுக் கணக்கு நான்கு மணி நேரம். பேட்டரி பழையதாக ஆக மூன்று. மேல்மாடிகளில் அவரவர் ரூட்டருக்கு அவரவர் ஏற்பாடு. கருவியின் அடியில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டே செருகுங்கள். 9 வோல்ட் ரூட்டர்களும் உண்டு.

மூன்றாம் மாடிக் குடும்பம் 2023இல் ஊரைவிட்டுப் போனது. போகும்போது சொல்லிக்கொள்ளவும் நேரமில்லை. சுவிட்ச்சில் மூன்றாம் வாயில் விளக்கு அணைந்தது. அவர்கள் பக்கத்துக் கேபிளை நான் சுருட்டி, நுனியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ரப்பர் வளையம் போட்டுப் பலகணி ஆணியில் தொங்கவிட்டேன். போகிற வருகிறபோதெல்லாம் அந்தச் சுருளை அண்ணாந்து பார்ப்பேன்.

சென்ற மாதம் அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த இளைஞர், கையில் பிளாஸ்டிக் தாளோடு இறங்கி வந்து, பலகணியில் தொங்கும் இந்த ஒயர் உங்களுடையதா என்று பர்மிய மொழியில் கேட்டார். தம்பியையும் டெஸ்டரையும் எடுத்துக்கொண்டு ஏறினேன். நான்காவது விளக்கு எரியவில்லை, ஈரம் ஏறியிருந்தது. தம்பி நுனியில் இரண்டு விரற்கடை வெட்டிவிட்டு, வாய்ப்பாட்டை முணுமுணுத்தபடி கம்பிகளை அடுக்கி, புது ஜாக் மாட்டினான். எட்டும் எரிந்தன. கீழே சுவிட்ச்சில் மூன்றாம் வாயில் பச்சையானது.

கேபிளில் பழைய குடும்பத்தின் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. அதைக் கிழிக்கவில்லை. அதன் கீழே இன்னொரு சீட்டில் புதியவரின் பெயரைப் பர்மிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். அந்தத் துளைக்குக் கீழே வளைவு இன்னும் போடவில்லை. மழை தொடங்குவதற்குள் ஏணியைக் கொண்டு போக வேண்டும்.